குண்டூசி லைக்கன் தேடப் போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

லைக்கன்னா பூஞ்சையும் ஆல்காங்கற நுண்ணிய பச்சை உயிரும் கூட்டா வாழறது. அதுல குட்டி குண்டூசி மாதிரி காம்பும் தலையுமா நிக்கறதுதான் குண்டூசி லைக்கன். புதுசா தேட வர்றவங்கள பார்த்தா நான் முதல் வருஷம் அடிச்ச அதே கூத்து அப்படியே ரிப்பீட் ஆகுது. லென்ஸ மறந்துட்டு வர்றதையெல்லாம் விட்டுடறேன், ஒரு தடவை பட்டா தானா திருந்திடுவீங்க.

பாசி புடிச்ச பக்கமா தேடறது

இதப் பார்த்தா எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வரும். லைக்கன்னாலே ஈரம், பச்சைனு ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான், ஒரு பழைய காட்டுல காலைலேர்ந்து பாசி மொத்தையா படர்ந்த மரமா பார்த்துப் பார்த்து முட்டி தேஞ்சதுதான் மிச்சம், ஒண்ணு கூட சிக்கல. கிளம்பறப்ப ஷூ லேஸ் கட்ட ஒரு சாஞ்ச மரத்துக்கு அடியில குனிஞ்சேன், மூஞ்சிக்கு நேரா பட்டைல நாலு நாள் தாடி மாதிரி கருப்பு கருப்பா நிக்குது! உயரம் 1 மில்லிமீட்டர் இருந்தா ஜாஸ்தி.

மழை நேரா அடிக்காத இடம்தான் இதுங்களுக்குப் புடிக்கும், காத்துல இருக்கிற ஈரமே போதும். அதனால சாஞ்ச மரத்தோட அடிப்பக்கம், வயசான மரத்துப் பட்டை வெடிப்பு, நின்னபடியே செத்து பட்டை உரிஞ்ச மரம், வேரோட விழுந்த மரத்துல வேருக்கு அடியில இருக்கிற இருட்டுப் பொந்து, இங்கல்லாம் பாருங்க. அந்தப் பொந்துல பளிச்னு மஞ்சப்பச்சை தூள் தெரிஞ்சா கீனோதீக்கா ஃபர்ஃபியூரேசியாங்கற குண்டூசி லைக்கனா இருக்கலாம். நேரா முறைச்சுப் பார்த்தா வெறும் புள்ளியாத்தான் தெரியும், கன்னத்த பட்டையோட ஒட்டி வச்சு, டார்ச்சையும் பக்கவாட்டுல அடிச்சாதான் காம்பு தெரியும்.

தலைய விரலால தொடறது

காலிசியம், கீனோதீக்கா மாதிரி குண்டூசி லைக்கன் வகைங்களோட தலைல இருக்கறது ஸ்போர் தூள், அதாவது விதை மாதிரி பரவற தூள். தொட்டீங்கன்னா ஐடி பண்ண (எந்த வகைனு கண்டுபிடிக்க) வேண்டியது விரல்ல ஒட்டிக்கிட்டு போயிடும்.

பேப்பர்ல மடிச்சு பைல திணிக்கறது

வீட்டுல பிரிச்சா காம்பு தனி, தலை தனி. சின்ன டப்பா அடியில பட்டையோட ஒட்டிக் கொண்டு வாங்க.

"மரத்துல இருந்துச்சு"னு எழுதறது

எந்த மரம், பட்டையா கட்டையா, உயிரோட இருக்கா? ஸ்டெனோசைபி புல்லாட்டுலா ஆல்டர்ங்கற மரத்தோட கிளைல வரும், ஃபியோகாலிசியம் பாலிபோரேயம் மரத்துல இருக்கிற அடுக்குக் காளான் மேலயே முளைக்கும். இத எழுதாம ஐடி கேட்டா நான் என்னத்த சொல்ல?

குண்டூசி மாதிரி இருந்தா எல்லாம் லைக்கன்

இல்ல. பார்க்க குண்டூசி மாதிரியே இருக்கிற மைக்கோகாலிசியத்துக்கு கூட்டாளி ஆல்காவே கிடையாது, வெறும் பூஞ்சை.