பாயிண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாடப் பட்டியலைத் திறங்கள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஏ லெவல் தேர்வின் முடிவு வரும் நாளில் வீட்டில் முதல் கேள்வி "எத்தனை பாயிண்ட்?" என்பதுதான், அதாவது பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பது. அடுத்தது "இதுக்கு என்ன கிடைக்கும்?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிறைய பேர் தடுமாறிவிடுகிறார்கள். வாங்கிய பாயிண்டை முழுசாகப் பயன்படுத்தாவிட்டால் வீணாகிவிடுமே என்ற பயத்தில், கிடைக்கக்கூடியதிலேயே அதிகப் பாயிண்ட் கேட்கும் படிப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் பொறியியலுக்குப் போனேன். இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான், இந்தப் பாடத்தைப் பற்றி ஒரு வரிகூட முன்னால் படித்துப் பார்க்காமல் வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. படிப்பை முடித்தேன், ஆனால் ஒவ்வொரு வாரமும் மல்லுக்கட்டித்தான் முடித்தேன். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

அதனால் முதல் வேலை இது. நீங்கள் யோசிக்கும் படிப்பின் இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலைத் தேடி எடுங்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இணையத்தில் போட்டிருக்கின்றன. ஏன் இரண்டாம் ஆண்டு? முதல் ஆண்டில் பொதுப் பாடங்கள் நிறைய கலந்திருக்கும், கடைசி ஆண்டில் விருப்பப் பாடங்கள், அவற்றின் பெயர்களே ஆசையாக இருக்கும். நடுவில் இருப்பவைதான் அந்தத் துறையின் முதுகெலும்பு. கணினி அறிவியல் என்றால் ஆப் செய்வது என்று நினைப்பவர்கள் அங்கே தரவுக் கட்டமைப்புகள், வழிமுறைகள், அவற்றுக்கு அடியில் கணக்கு என்று பார்ப்பார்கள். கணக்கு பிடித்தவருக்கு அதுவே விருந்து.

என் அக்கா மகள் உளவியல்தான் படிப்பேன் என்று நின்றாள். "மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும் சித்தி" என்பாள். யீஷூனில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தோம், ஆய்வு முறைகளும் புள்ளியியலும் வந்து நின்றன. முகம் வாடிவிட்டது. ஒரு பென்சிலைக் கொடுத்து, யாரும் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை படிப்பாய் என்றால் டிக் போடு, கண்டிப்பாக மாட்டாய் என்றால் கோடு போடு, தெரியாவிட்டால் கேள்விக்குறி போடு என்றேன். புள்ளியியலுக்குக் கேள்விக்குறி போட்டாள். டிக்கையும் கோட்டையும் விட்டுவிடுங்கள், கேள்விக்குறி விழுந்த பாடங்களைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விரிவுரைகளில் ஒன்றை முழுசாகப் பார்க்கச் சொன்னேன், பாதியில் நிறுத்தாமல், பயிற்சிக் கணக்கோடு. இரண்டு நாள் முனகினாள். மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் மணி மாதிரி ஒரு வளைவை வரைந்து தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். சரி, இவளுக்கு இது ஒத்துவரும் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அதே மேசையில் அக்கா கேட்ட கேள்வியும் முக்கியம்: "நாலு வருஷத்துல முடிஞ்சிடுமா?" முடியாது. மனநல உளவியலாளராக வேலை பார்க்க முதுகலை வேண்டும். கட்டடக் கலைஞராகப் பதிவதற்கும் இளங்கலை போதாது. சட்டம் படித்தவர்கள் பட்டத்துக்குப் பிறகு வழக்கறிஞர் தேர்வும் பயிற்சியும் முடிக்க வேண்டும். தாதிமை, இயன்முறை சிகிச்சை போன்றவை நேராக வேலையில் கொண்டுபோய் விடும். எத்தனை வருஷம், அதற்கு யார் பணம் கட்டுவது என்பதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இனி பாயிண்ட். 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70: ஹெச்2 எனும் மூன்று முதன்மைப் பாடங்களுக்கு 60, ஜிபி எனும் பொதுத்தாளுக்கு (General Paper) 10. பல்கலைக்கழகங்கள் வெளியிடும் மதிப்பெண் அட்டவணையில் இருப்பது, போன முறை இடம் கிடைத்தவர்களில் கீழிருந்து பத்தாவது விழுக்காட்டில் இருந்தவரின் நிலை. அவருக்கும் கீழே இருந்து உள்ளே போனவர்கள் உண்டு. அதைக் கதவடைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் படிப்பின் தரத்தை அளக்கும் கோலாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறைய பேர் கேட்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது.

சம்பளம் பார்ப்பது தப்பே இல்லை, பார்க்கத்தான் வேண்டும். பட்டதாரிகள் வேலை நிலவரக் கணக்கெடுப்பு கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நடுநிலைச் சம்பளத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் விகிதத்தைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் மொத்த விகிதத்தில் பகுதிநேர, தற்காலிக வேலைகளும் சேர்ந்துவிடும். அப்புறம் 25ஆம் விழுக்காட்டுச் சம்பளம், அதாவது கால்வாசிப் பேர் அதற்கும் கீழே வாங்கும் சம்பளம். வகுப்பில் சுமாராகப் படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிரந்தரவாசிகள் அரசாங்கத்தின் கட்டண மானியத்தை எடுத்தால் படித்து முடித்தபின் மூன்று வருஷம் இங்கே வேலை செய்ய வேண்டும். அப்பாவின் மத்திய சேம நிதி (CPF) சேமிப்பிலிருந்து கட்டணம் கட்டினால் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது பிள்ளை.

இரண்டு வருஷக் கட்டாய தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளே, கிடைத்த இடத்தைப் பல்கலைக்கழகம் உங்களுக்காக வைத்திருக்கும். இரண்டு வருஷத்தில் மனசு மாறினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதனால் பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும் என்று தவிக்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்தநாளுக்குப் போனால் பேராசிரியரைவிட இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் போய் நில்லுங்கள். "படிப்பு எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். போன வாரம் எந்த வேலைக்கு அதிக நேரம் போச்சு, அதில் என்ன செய்தீங்க என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல உங்களுக்கும் உட்கார்ந்து அதைச் செய்யத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். கீழே இருக்கும் காலியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதற்காகப் போக மனமில்லாத படிப்பை எழுதிவைக்காதீர்கள், அதுவும் கிடைத்துவிடலாம்.