முதியோர் இல்லத்தில் புரதம் போதுமா? நீங்களே கணக்கெடுப்பது எப்படி

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எடை இறங்கிக்கொண்டே வந்தது. மெனுவில் பருப்பு, மீன், முட்டை எல்லாம் இருந்தன. வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

1. அனுமதி, எடை

நிர்வாகியிடமும் அந்தப் பெரியவரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நோட்டில் பெயர் வேண்டாம், எண் போதும். மாதம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்கள்.

2. எவ்வளவு தேவை

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயதுவந்தோருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். வயதானால் சாப்பிடும் புரதத்தைத் தசை முன்போல் பயன்படுத்திக்கொள்வதில்லை. அதனால் 65 தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் முதியோரின் புரதத் தேவையை ஆராய்ந்த ப்ராட்-ஏஜ் நிபுணர் குழு சொன்னது. 50 கிலோ எடை என்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்லும் அளவுதான்.

3. சாம்பாரை அளப்பது

எல்லோரும் திணறும் இடம் இதுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட சத்து அட்டவணையில் பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் அளவுதான் இருக்கும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் என்றால் அது வேகவைக்காத பருப்புக்கு. வெந்த சாம்பாரை எடை போட்டு அதோடு பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அதனால் காலையிலேயே அடுக்களைக்குப் போய், பருப்பு பானையில் விழுவதற்கு முன்பு நிறுத்துக்கொள்ளுங்கள். 40 பேருக்கு 1 கிலோ பருப்பு என்றால் மொத்தம் 220 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை கிராம். அதுவும் அடிவரை கலக்கி ஊற்றினால்தான். பருப்பு அடியில் தங்கிவிடும். மேலாக அள்ளும் கரண்டியில் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான் வரும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்கும் கடைசியில் உட்கார்ந்தவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. சமையல் செய்யும் அக்காவிடம் பக்குவமாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கலக்கியே ஊற்றுவார்.

செல்போன் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வரும் ‘ஒரு கப் சாம்பார்’ வேறு யாரோ வைத்த சாம்பார். ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசும் கோடு போட்ட நோட்டும் போதும்.

மற்றவை ஏறக்குறைய: முட்டை ஒன்றுக்கு 6 கிராம், பால் 200 மில்லியில் 6, முள் நீக்கிய மீன் 50 கிராமில் 9 அல்லது 10. மரச்சீனிக் கிழங்கில் புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

4. தட்டில் மிஞ்சியது

பரிமாறியதில் மிச்சத்தைக் கழியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து மூன்று நாள் பாருங்கள்; அன்று பல இடங்களில் கறி இருக்கும். பெரியம்மா தட்டில் சாளை மீன் அப்படியே ஓரத்தில் கிடந்தது, குழம்பு மட்டும் சோற்றோடு போயிருந்தது. பல் இல்லை, முள் பயம். முள் அதிகம் இல்லாத சூரையை உதிர்த்துக் கொடுத்ததும் சாப்பிட்டார்.

5. வேளை வாரியாகப் பிரிப்பது

வேளைக்கு 20 கிராமாவது வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மதியம் தேறிவிடும், காலையும் இரவும் காலியாகக் கிடக்கும். சாயாவில் விழும் பால் கணக்குக்குக் காணாது. இரவுக் கஞ்சியோடு சிறுபயறு நம் ஊர் வழக்கம்தானே. பயற்றைக் குழைய வேகவைத்துக் கூட்டிக்கொடுங்கள், ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேருங்கள். சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். சக்திக்கு மாவுச்சத்து போதாவிட்டால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும்.

பிறகு சேர்த்தது: மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்று குளச்சலில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் முட்டையையும் பயற்றையும் கூட்டுங்கள். கருவாட்டை நம்பாதீர்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

இன்னொருவர் தன் அப்பா சாப்பிடும்போது இருமுகிறார் என்று எழுதியிருந்தார். விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். உணவை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.