காளானின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள்

மழை விட்ட மறுநாள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் நடந்தால், இதுவரை பார்க்காத காளான் ஏதாவது கண்ணில் படும். பெரும்பாலும் மேலிருந்து குடையை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதை வைத்துப் பல இனங்களை உறுதி செய்யவே முடியாது. குடைக்கு அடியில் மடிப்புகளா, நுண்துளைகளா என்று தெரிய வேண்டும். தண்டின் அடியும் முக்கியம். புற்றுக்காளானைச் சும்மா பிடுங்கினால், கரையான் கூடுவரை இறங்கும் வேர் போன்ற பகுதி மண்ணிலேயே அறுந்துவிடும். நல்ல அடையாளமே அதுதான்! கத்தியால் மண்ணைக் கிளறி முழுதாக எடுங்கள்.

எதன்மேல் முளைத்தது, பக்கத்தில் என்ன மரம், வெட்டினால் நிறம் மாறுகிறதா, வாசனை எப்படி என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள். காகிதப் பையில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக்கில் அழுகிவிடும்.

அப்புறம், பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் குடையின் அடிப்பக்கம் படும்படி வைத்து டம்ளரால் மூடுங்கள். காலையில் வித்துகளின் (காளான் பரவ உதவும் தூள் போன்ற நுண்துகள்கள்) நிறம் தாளில் படிந்திருக்கும். அதையும் சேர்த்து, தேதி, இடத்தோடு உயிரினங்களைப் பதிந்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) செயலியில் ஏற்றுங்கள்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறிக்க வேண்டாம். அங்கே படம் மட்டும் போதும்.