ஆர்க்கிட் பூவில் மேல் எது, கீழ் எது? வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஆர்க்கிட் பூவில் ஓர் இதழ் மட்டும் அகன்று, நிறம் தூக்கலாக, கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ‘உதடு’ என்று பெயர். கீழே இருக்கிறதே என்று அதைக் கீழ் இதழாக எண்ணுவதுதான் முதல் தவறு. இளம் மொட்டில் அது மேல்புறம், பூந்தண்டின் பக்கமாக இருக்கிறது. மொட்டு வளர வளர காம்பும் சூலகமும் மெல்ல முறுக்கிக்கொள்ளும். பூ ஏறக்குறைய 180 பாகை சுற்றி, உதடு கீழே வந்து சேரும். பூச்சி உட்கார மேடை தயார்.

சந்தேகம் இருந்தால் பூவின் முதுகுப்பக்கம் பாருங்கள். காம்பு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி சூலகம்தான். சில இனங்களில் அதன் மேலுள்ள வரிகள், பிழிந்த ஈரத்துணியின் மடிப்புபோலச் சாய்ந்து ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

இந்தத் திருப்பத்துக்கு வழிகாட்டி புவியீர்ப்பு. இதை மறந்து நான் செய்த காரியம்: மொட்டுகள் பாதி திரும்பியிருந்தபோது பூந்தண்டை வளைத்துக் குச்சியில் கட்டினேன். செடிக்குக் கீழ்த்திசையே மாறிப்போனது. சில பூக்கள் ஒழுங்காக மலர்ந்தன, சில கழுத்துச் சுளுக்கு வந்த மாதிரி ஒருக்களித்து நின்றன. தண்டைக் கட்டுவதென்றால் மொட்டு சிறிதாக இருக்கும்போதே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் மலரும்வரை பொறுங்கள். கோணலாக மலர்ந்த பூவைக் கையால் திருப்பப் பார்த்தால் காம்பு ஒடிந்து கையோடு வந்துவிடும்.

உதடு மேலே நிற்கும் பூவைப் பார்த்து நோய் என்று பதறுவதும் வேண்டாம். பெலிஸ் நாட்டின் தேசிய மலரான கறுப்பு ஆர்க்கிட்டில் உதடு சிப்பிபோல மேலே நிற்கும், மற்ற இதழ்கள் ரிப்பன்போலத் தொங்கும். அதன் இயல்பே அது. ஹம்மார்பியா என்ற குட்டி ஆர்க்கிட் இன்னும் வேடிக்கை. முழுதாக 360 பாகை சுற்றி, உதட்டைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது! டார்வின் 1862இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இது ஆர்க்கிட்டுக்கு மட்டுமே உரிய வித்தை என்று நினைப்பதும் சரியல்ல. சங்குப்பூவை அவரைப் பூவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரையில் மேலே நிமிர்ந்திருக்கும் பெரிய இதழ், சங்குப்பூவில் கீழே விரிந்திருக்கும்.