‘ஆன’ என்றால் பெயரடை, ‘ஆக’ என்றால் வினையடை
ஆங்கிலச் சொல் பெயரடையா (பெயரை விளக்கும் சொல்) வினையடையா (வினையை விளக்கும் சொல்) என்ற ஐயம் எழுந்தால், வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: அச்சொல் ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை. ‘லி’ என்ற ஈற்றை மட்டும் நம்பினால் ‘ஃபிரெண்ட்லி’ ஏமாற்றிவிடும். அது ‘நட்பான’ என்னும் பெயரடையே. மொரீஷியஸில் பிரெஞ்சும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ‘ராபீட்’ (வேகமான), ‘ராபீட்மான்’ (வேகமாக) என்ற பிரெஞ்சு இணை உதவும் என்றாலும், ‘ஃபாஸ்ட்’ போல உருமாறாத ஆங்கிலச் சொல்லில் தமிழே தெளிவு தருகிறது. ஏனெனில் பெயரைத் தழுவும்போது ‘வேகமான கார்’ என்றும் வினையைத் தழுவும்போது ‘வேகமாக ஓடினான்’ என்றும் நாம் ஈற்றை மாற்றியே சொல்கிறோம்.

‘நல்ல’, ‘பெரிய’ போன்றவை ‘ஆன’ ஏற்காத பெயரடைகள். ‘இஸ்’, ‘லுக்ஸ்’, ‘ஸ்மெல்ஸ்’ ஆகியவற்றுக்குப் பின் இந்த வழி செல்லாது: ‘பூ அழகாக இருக்கிறது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பியூட்டிஃபுல்’ என்ற பெயரடைதான் வரும்.