நகம் கடிப்பதை நிறுத்த ஒரு நோட்டும் ஒரு நிமிடமும்

எட்டு வயதில் தொடங்கிய பழக்கம், முப்பத்தைந்து வயது வரை விடவில்லை. அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். பாட்டி, "நகம் கடிச்சா வீட்டுக்குத் தரித்திரம்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். தங்கை கல்யாணத்துக்கு மருதாணி வைக்க வந்த பெண், என் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கோனைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லாமல் பஞ்சை எடுத்து நகக்கண்ணில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தார். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் கடித்திருக்கிறேன். கடித்தது எனக்கே நினைவில்லை.

அந்த "நினைவில்லை" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கை வாய்க்குப் போவது தெரியாதவருக்குச் சபதத்தால் என்ன பயன்? தெரிய வரும்போது நகம் பாதி போயிருக்கும். அதனால் முதலில் பார்க்கப் பழகுவோம், அப்புறம் நிறுத்துவோம். நேதன் ஆஸ்ரின், கிரிகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான். நகம் கடிப்பது, முடியைப் பிடுங்குவது, தோளைச் சொடுக்குவது போன்ற பழக்கங்களுக்காக அவர்கள் உருவாக்கியது. வீட்டில் நாமே செய்துபார்க்கலாம்.

தேவையானவை: சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, பேனா, நகம் தேய்க்கும் அரம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

முதல் படி: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

இந்த ஏழு நாளும் நிறுத்த முயல வேண்டாம். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், இடம், எந்த விரல், என்ன செய்துகொண்டிருந்தேன். கடித்தது தெரிந்தவுடன் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் முதல் நாள் வரி ஒன்று இப்படி இருக்கிறது: "காலை 9.40, பஸ், வலது கட்டைவிரல், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு." அன்றைக்கு மட்டும் 23 வரி. எழுதாமல் விட்டது இன்னும் எத்தனையோ.

எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இரண்டாம் நாள் எண்ணிக்கை கூடினால் நல்ல அறிகுறி, கண்ணில் படுவது கூடியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கடிப்பதுபோல் மிக மெதுவாகச் செய்துபாருங்கள். நகத்தைக் கடிக்காமல், கையின் பயணத்தை மட்டும் கவனியுங்கள். இதை ஐந்தாறு முறை செய்தபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. என் பழக்கம் வாயில் தொடங்கவே இல்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகிறது. எங்கேயாவது சொரசொரப்பு தட்டுப்பட்டால் அங்கேயே நின்று நெருடுகிறது. அதற்குப் பிறகுதான் முழங்கை மடங்குகிறது. தடவுவதற்கும் கடிப்பதற்கும் நடுவே பத்து விநாடியாவது இருக்கும். இருபத்தேழு வருடமாக அந்தப் பத்து விநாடி என் கண்ணில் படவில்லை! உங்களுக்குத் தொடக்கம் வேறாக இருக்கலாம். கன்னத்தில் கை வைப்பது, உதட்டைத் தொடுவது என்று ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: நோட்டிடம் கேளுங்கள்

வாரக் கடைசியில் எழுதியதை மொத்தமாகப் படியுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று கேட்காதீர்கள், அது கேள்வி வேஷம் போட்ட திட்டு. எப்போது, எதற்கு அப்புறம், கடித்ததும் என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

நான் டென்ஷனால்தான் கடிக்கிறேன் என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் டென்ஷன் வரிகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை காத்திருப்பு: கம்ப்யூட்டரில் ஃபைல் திறக்கும்வரை, குக்கர் விசில் வரும்வரை, பஸ் கிளம்பும்வரை. கைக்கு வேலை இல்லாத நேரங்கள். காரணம் மாறினால் மருந்தும் மாறுமே.

மூன்றாம் படி: கைக்கு வேறு வேலை

"கடிக்க மாட்டேன்" என்றால் கை அந்தரத்தில் நிற்கும். அதற்குப் போக ஓர் இடம் வேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்து, வலிக்காத அளவுக்கு விரல்களை மூடுங்கள். கையைத் தொடைமேல் வையுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். ஆஸ்ரினும் நன்னும் 3 நிமிடம் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் 1 நிமிடம் சொல்லித்தருகிறார்கள். மூடிய கையால் நகம் கடிக்க முடியாது, பஸ்ஸிலும் மீட்டிங்கிலும் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இதை ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள். என்னுடையது: "கட்டைவிரல் தடவ ஆரம்பித்தால், கையை மூடுவேன்." கடிக்கத் தோன்றாத நேரத்திலும் தினமும் பத்து முறை செய்துபாருங்கள். அப்போதுதான் வேண்டிய நேரத்தில் தானாக வரும்.

சொரசொரப்பு இல்லாவிட்டால் விரல் எதைத் தேடும்? இரவு படுக்கும் முன் நக ஓரங்களை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து, நகக்கண்ணில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எனக்குப் பாதிப் பலன் இதிலேயே கிடைத்தது.

நான்காம் படி: வீட்டில் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே நிபந்தனை, "கடிக்காதே" என்ற சொல்லை அவர் சொல்லவே கூடாது. அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருப்போம். என் மகளிடம் "கை" என்ற ஒரு சொல் போதும் என்றேன். அவள் "அம்மா, கை" என்பாள், நான் மூடுவேன். மூடியதைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தம்.

எத்தனை நாள் ஆகும்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற புதுப் பழக்கங்கள் தானாக வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. எந்தப் பழக்கமும் 21 நாளில் மாறிவிடும் என்று பலர் சொல்வதை நம்பி, 21 நாளில் முடியவில்லையே என்று நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கண்ணுக்குத் தெரியும் பலனுக்கே சில வாரம் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. நகச்சுத்து வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகுவது நம் வழக்கம். சீழ் கோத்து விண்விண்ணென்று தெறித்தால் அதோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் வந்தும் நிறுத்த முடியவில்லை, கூடவே மனம் எப்போதும் பதறுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது மாதம், மார்ச் கணக்கு முடிக்கும் வேலையில் எனக்கு எல்லாம் சரிந்தது. மூன்று நாளில் இடது கை நகம் நான்கு போயிற்று. அழுகைதான் வந்தது. அப்புறம் பழைய நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். "இரவு 8.15, ஆபீஸ், இடது மோதிரவிரல், பிரின்ட் வரும்வரை." உங்களுக்கும் சரிந்தால் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் இந்த முறை ஒரு வாரம் வேண்டாம். எனக்கு இரண்டே நாளில் கட்டைவிரல் தடவுவது மறுபடி கண்ணில் பட்டுவிட்டது.