மான் கூட்டம் குறையும்போது ஓநாயின் பங்கைக் கணக்கிடும் முறை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகாடுகளில் வெள்ளைவால் மான்கள் குறையும்போதெல்லாம், வேட்டைக்காரர்களின் பழி முதலில் ஓநாயின் மேல்தான் விழும். அந்தப் பழியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று ஆராய்பவர், ஓநாய்களை எண்ணுவதற்கு முன் கடந்த இரண்டு குளிர்காலங்களைக் கணக்கிட வேண்டும்.

இதற்கு மாநில இயற்கை வளத் துறையின் குளிர்காலக் கடுமைக் குறியீடு உதவும். நவம்பர் 1 முதல் மே 31 வரை, தரையில் 38 செ.மீ. அல்லது அதற்கு மேல் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளியும், வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியசுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளியும் சேர்க்கப்படுகின்றன. மொத்தம் 100க்குக் கீழே இருந்தால் மிதமான குளிர்காலம். 180ஐத் தாண்டினால் கடுமையானது. ஆழ்பனியில் மானின் கூர்ங்குளம்பு புதைகிறது, அகன்ற பாதமுள்ள ஓநாயோ அவ்வளவு புதைவதில்லை. ஆகவே கடுங்குளிர் ஆண்டில் ஓநாய்க்கு இரை மிகுவதற்கும் பனியே காரணமாகிறது. மெலிந்த பெண்மான்கள் அடுத்த கோடையில் ஈனும் குட்டிகளும் வலுவற்றவையாக இருப்பதால், ஒரே ஆண்டின் கணக்கு போதாது.

அடுத்து, இறந்து கிடக்கும் மான்களைப் பார்வையிட வேண்டும். உடலைச் சுற்றி ஓநாய்த் தடம் இருப்பது மட்டும் சான்றாகாது, ஏனெனில் செத்த மானையும் ஓநாய் தின்னும். தோலை உரித்து, கடிவாய்களுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் கடிபட்டபோது மான் உயிரோடு இருந்தது. பின்னர் தொடையெலும்பை உடைத்து உள்ளிருக்கும் மஜ்ஜையைப் பாருங்கள். வெளிறிக் கெட்டியாக இருந்தால் மானின் உடலில் கொழுப்பு இருந்தது. சிவந்து கூழ்போல் இருந்தால் அது பட்டினியின் விளிம்பில் இருந்தது. அத்தகைய மானை ஓநாய் விட்டிருந்தாலும் அது வசந்தம் வரை தாங்கியிருக்குமா என்பது ஐயமே. பற்களின் தேய்வைக் கொண்டு வயதையும் குறித்துக்கொள்வது நல்லது. கோடைக் குட்டிகளைப் பொறுத்தவரை, அவற்றைக் கொல்லும் கருங்கரடியையும் கணக்கில் சேர்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஓர் ஓநாய் ஆண்டுக்குச் சுமார் 15 முதல் 20 வளர்ந்த மான்களுக்கு ஈடான இரையைத் தின்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. இதை ஓநாய்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் தொகையை அப்படியே இழப்பு என்று எழுதுவதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை; அதில் எப்படியும் இறந்திருக்கக்கூடிய மான்களும் அடங்கும். மாநில அளவிலான தொகைகளும் ஏமாற்றும். 2003இல் மினசோட்டாவில் ஏறத்தாழ 2,90,000 மான்கள் வேட்டையாடப்பட்டன, அதே காலத்து ஓநாய் மதிப்பீடோ 3,000ஐ ஒட்டியிருந்தது. ஆனால் அந்த மான்களில் பல, ஓநாயே இல்லாத தெற்கு வேளாண் நிலங்களைச் சேர்ந்தவை. எனவே ஒவ்வொரு வேட்டைப் பகுதிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஓநாய்க் கூட்டங்களின் எல்லைகளுக்கு இடைப்பட்ட விளிம்பு நிலங்களில் மான்கள் அதிகம் தப்பிப் பிழைப்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1977லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். கணக்கெடுப்புத் தடங்கள் அந்நிலங்களிலும் ஓநாய்க் கூட்டங்கள் வாழும் பரப்புகளின் நடுவிலும் சமமாகச் செல்லட்டும்.

ஓநாயின் பங்கு பெரிது என்று தெரிந்தாலும், முதலில் பெண்மான் வேட்டை அனுமதிகளைக் குறைப்பதே சரி என்பது என் கருத்து. அது உடனே பலன் தரும், அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளவும் முடியும். 2022 பிப்ரவரியில் வந்த நீதிமன்றத் தீர்ப்பால் மினசோட்டா ஓநாய்கள் மீண்டும் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் வந்ததால், பொது வேட்டைக்கு அங்கே வழியும் அடைபட்டது. சட்டம் இடம் தரும் காலத்திலும், இனப்பெருக்கப் பருவத்தைத் தவிர்த்து, நாள்தோறும் கணக்கு வாங்கி, உடனே நிறுத்தும் அதிகாரத்தோடுதான் ஓநாய் வேட்டையைத் திறக்க வேண்டும். அண்டை மாநிலமான விஸ்கான்சினில் 2021 பிப்ரவரியில் உரிமம் பெற்றவர்களுக்கு 119 ஓநாய்களே ஒதுக்கப்பட்டிருந்தன. வேட்டையை நிறுத்த 24 மணி நேர முன்னறிவிப்பு தேவைப்பட்ட நிலையில், மூன்று நாள் முடிவதற்குள் 218 கொல்லப்பட்டன.